கண்காணி, கங்காணி: அதிகார வினைச்சொற்கள் பற்றிச் சில குறிப்புகள்

1

மொழிபெயர்ப்பு பற்றி நம் சிறுபத்திரிகைகளில் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை பெயர்ச்சொற்களைப் பற்றியவை. டிஸ்கோர்ஸ் என்பது சொல்லாடலா உரையாடலா, டெக்ஸ்ட் என்பது பிரதியா பனுவலா என்று பக்கம் பக்கமாக மல்லுக்கட்டியிருக்கிறோம். வினைச்சொற்களை அந்த அளவுக்கு யாரும் சட்டை செய்ததில்லை. அதிகாரம் என்ற பெயர்ச்சொல்லை எழுதிவிட்டால் பாதி அரசியல் பேசியாகிவிட்டது என்ற நினைப்பு நமக்கு. ஆனால் தெருவில் அதிகாரம் பெயர்ச்சொல்லாக வந்து நிற்பதில்லை. அது பார்க்கிறது, குறித்துக்கொள்கிறது, கணக்கெடுக்கிறது, கூப்பிட்டு விசாரிக்கிறது, அடிக்கிறது. அத்தனையும் வினைகள்.

ஆங்கிலத்தில் இந்த வினைகளுக்கு ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது: சூப்பர்வைஸ், ஓவர்சீ, மானிட்டர், இன்ஸ்பெக்ட், கண்ட்ரோல், மேனேஜ். தமிழில் எழுத உட்காருகிற நாம் இவற்றில் முக்கால்வாசியைக் கண்காணி என்ற ஒரே குடத்தில் ஊற்றிவிடுகிறோம். மிச்சத்துக்குக் கட்டுப்படுத்து. மேஸ்திரி செய்வதும் கண்காணிப்பு, உளவுத்துறை செய்வதும் கண்காணிப்பு, ஆஸ்பத்திரியில் நர்ஸ் செய்வதும் கண்காணிப்பு. இது சொல் பஞ்சத்தால் வந்த சிக்கல் என்று எனக்குப் படவில்லை. யார், எங்கிருந்து, யாரைப் பார்க்கிறார்கள் என்ற கேள்வியைக் கேட்காமலே எழுதிப் பழகியதால் வந்தது.

2

இந்தத் தடுமாற்றம் தமிழுக்கு மட்டுமே உரியதல்ல என்பதற்கு நமக்கெல்லாம் தெரிந்த ஒரு புத்தகத்தின் தலைப்பே சாட்சி. மிஷெல் ஃபூக்கோ 1975இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூலின் பெயர் ‘சுர்வெய்யே ஏ புனீர்’. 1977இல் ஆலன் ஷெரிடன் ஆங்கிலத்தில் பெயர்த்தபோது அது ‘டிசிப்ளின் அண்ட் பனிஷ்’ ஆனது. சுர்வெய்யே என்ற வினைக்கு நேரான ஆங்கில வினை இல்லை என்று ஷெரிடன் தன் குறிப்பில் வெளிப்படையாகவே சொல்கிறார். சர்வெய்லன்ஸ் என்ற பெயர்ச்சொல் ஆங்கிலத்தில் மிகக் குறுகிய, தொழில்நுட்பப் பொருளில் புழங்குகிறது. பெந்தாம் பயன்படுத்திய இன்ஸ்பெக்ட் என்பதன் அர்த்தப் பரப்பு வேறு. சூப்பர்வைஸ் ஓரளவு கிட்டே வருகிறது, ஆனால் அதன் வாசனை வேறு. அப்சர்வ் என்பது ரொம்பவும் நடுநிலையான சொல். கடைசியில் ஃபூக்கோவே டிசிப்ளின் என்ற சொல்லை எடுத்துக் கொடுத்ததாக ஷெரிடன் சொல்கிறார்.

ஆசிரியரே ஒப்புக்கொண்ட தலைப்பில் நமக்கென்ன வம்பு என்று கேட்கலாம். வம்பு இருக்கிறது. பிரெஞ்சுத் தலைப்பில் ஒரு கண் இருந்தது. சுர் என்றால் மேலே, வெய்யே என்றால் விழித்திருப்பது. தூங்காமல் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற கண். ஆங்கிலத் தலைப்பில் அந்தக் கண்ணைக் காணோம். டிசிப்ளின் என்பது வகுப்பறையிலிருந்து வருகிற சொல், அதன் வினை வடிவத்துக்குத் தண்டி என்றும் பொருள் உண்டு. ஆகப் பேச்சு ஆங்கிலத்தில் அந்தத் தலைப்பு கிட்டத்தட்ட ‘தண்டி, தண்டி’ என்று ஒலிக்கிறது. பார்த்தல் எப்படித் தண்டித்தலாகிறது என்பதுதான் அந்த நூலின் மையக் கேள்விகளில் ஒன்று. தலைப்பில் அந்தக் கேள்வி அடைபட்டுப் போகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தலைப்புக்கு ஆகாது என்று ஷெரிடன் தள்ளிய அந்த நடுநிலைச் சொல் நூலுக்குள் பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. பிரெஞ்சில் படிநிலைச் சுர்வெய்யான்ஸ் என்று இருக்கிற உட்தலைப்பை அவர் படிநிலை அப்சர்வேஷன் என்றுதான் பெயர்த்திருக்கிறார். ராணுவ முகாம், ஆலை, பள்ளிக்கூடம் எல்லாம் வருகிற பகுதி அது. அங்கே நடப்பதை வெறும் ‘உற்றுநோக்கல்’ என்று படிக்கிற வாசகன், ஏதோ விஞ்ஞானி நுண்ணோக்கியில் பார்க்கிற காட்சியைத்தான் நினைத்துக்கொள்வான். பார்க்கப்படுகிறவனின் வயிற்றில் புளியைக் கரைக்கிற பயம் அந்தச் சொல்லில் இல்லை.

தமிழில் இந்த நூலை ‘ஒழுங்கும் தண்டனையும்’ என்று குறிப்பவர்கள் ஆங்கிலத்தின் வழியில் போகிறார்கள். ‘கண்காணிப்பும் தண்டனையும்’ என்பவர்கள் பிரெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் தொலைந்த கண், பார்க்கப்போனால், தமிழில் தானாகவே கிடைத்துவிடுகிறது. கண், காண் என்று இரண்டு தடவை கிடைக்கிறது. நமக்கு அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்தக் கண் யாருடையது என்று பார்க்கும்போது விவகாரம் வேறு திசைக்குப் போகிறது. அதற்கு முன் ஆங்கில வினைகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்துவிடலாம்.

3

சூப்பர்வைஸ் லத்தீனில் மேலிருந்து பார்ப்பது. ஓவர்சீ அதே பொருளை ஆங்கிலத்தின் சொந்த வேர்களில் சொல்வது. பிஷப் என்ற சொல்லின் மூலமான எபிஸ்கோபோஸ் கிரேக்கத்தில் இதையேதான் சொல்கிறது. தமிழ் விவிலியக்காரர்கள் அந்தச் சொல்லைக் கண்காணி என்றே பெயர்த்தார்கள். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் வசனத்திலேயே கண்காணிகள் வருகிறார்கள். ஆத்துமாக்களை மேய்ப்பவனும் ஆலைக்கூலிகளை மேய்ப்பவனும் சொல்லளவில் பங்காளிகள். மார்க்ஸின் மூலதனம் 1887இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஆலையை ராணுவத்தோடு ஒப்பிடுகிற இடத்தில் ஃபோர்மன்களோடு ஓவர்லுக்கர்களும் வருகிறார்கள். மேலிருந்து பார்க்கிறவன் என்று பொருள். ஓவர்லுக் என்ற வினை இன்று பெரும்பாலும் ‘கவனிக்காமல் விட்டுவிடு’ என்ற பொருளில் புழங்குகிறது. ஓவர்சைட் என்பதற்கும் மேற்பார்வை, கவனப்பிசகு என்று இரண்டு பொருள். மேலிருந்து பார்க்கிறவனுக்குக் கீழே நடப்பது முழுக்கத் தெரியாது என்ற ரகசியத்தை ஆங்கிலமே உளறிவைத்திருக்கிறது.

கண்ட்ரோல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அது கண்ணிலிருந்து வரவில்லை, கணக்கிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் ஒரு கணக்குச் சுருளைச் சரிபார்க்க வைத்திருந்த எதிர்ச்சுருள்தான் அதன் மூலம். மேனேஜ் கையிலிருந்து வந்தது. இத்தாலியில் குதிரையைப் பழக்குவதைக் குறித்த சொல். ஆக ஒன்று கண், ஒன்று ஏடு, ஒன்று கடிவாளம். மூன்றையும் ‘நிர்வகி’ என்று எழுதுகிறபோது எந்த உறுப்பு வேலை செய்கிறது என்பதே மறைந்துபோகிறது.

மானிட்டர் என்ற சொல்லில் நமக்கு நேரடியாகவே பங்கிருக்கிறது. லத்தீனில் அது எச்சரிப்பவன், நினைவூட்டுபவன். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், பையன்களைக் கொண்டே பையன்களுக்குப் பாடம் சொல்ல வைக்கும் முறையை அங்கே நடத்திப் பார்த்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். மதராஸ் முறை என்றும், மானிட்டர் முறை என்றும் அது உலகம் சுற்றியது. மலபார்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்ததைப் பெல்லே பதிவு செய்திருக்கிறார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்குப் பதிலாக மற்ற பிள்ளைகளை அடக்கிவைக்கிற பெரிய பையனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பேர். பெல்–லங்காஸ்டர் முறையின் பிரெஞ்சு வடிவமான பரஸ்பரக் கற்பித்தல் பள்ளிகளை ஃபூக்கோ விரிவாகவே பேசுகிறார். அந்தக் கிளையின் ஒரு வேர் எழும்பூரில் ஓடுகிறது.

மானிட்டர் என்பவன் மேலே இருப்பவன் அல்ல. நம்மோடு அதே பலகையில் உட்கார்ந்திருப்பவன். நம்மில் ஒருவனின் கண்ணை வாடகைக்கு எடுத்து நம்மைப் பார்க்கிற ஏற்பாடு அது. சட்டாம்பிள்ளைத்தனம் என்று நாம் கசப்போடு சொல்வதில் இந்த அனுபவம் ஊறியிருக்கிறது. அகராதி தராத இந்தக் கசப்பைச் சொல் தருகிறது.

4

இப்போது கண்காணிக்கு வரலாம். சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி செய்வோர் வருகிறார்கள். கோயில் காரியங்களை மேலிட்டுப் பார்ப்பவர்கள். திருமூலர் இறைவனையே கண்காணி என்கிறார். தன்னைப் பார்க்க ஆளில்லை என்று நினைத்துக் கள்ளம் செய்கிறவர்களுக்கு அவன் இல்லாத இடமே இல்லை என்று நினைவூட்டுகிறார். இதைப் படித்த உடனே நம்மவர்கள் பெந்தாமைக் கூட்டிவந்து, எங்கள் தமிழில் அன்றே பனாப்டிகான் இருந்தது என்று கிளம்பிவிடக்கூடும். கிளம்ப வேண்டாம். திருமூலரின் கண்காணி நிச்சயமாக இருக்கிறான், அதுதான் பாடலின் பலம். பெந்தாமின் கோபுரத்தில் ஆள் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இருக்கிறானா இல்லையா என்று கைதிக்குத் தெரியக்கூடாது, அவ்வளவே. பக்தனுக்கு அந்தக் கண் துணையும்கூட. கைதிக்கு அது ஒருபோதும் துணையல்ல.

பெந்தாமின் கோபுரமும் சிறையில் பிறந்ததல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். ரஷ்யப் பேரரசின் கிரிசேவ் என்ற ஊரில், பொட்டெம்கின் பண்ணையில் வேலையாட்களை மேய்க்க அவருடைய தம்பி சாமுவேல் யோசித்த கட்டடம் அது. அதைப் பார்த்துத்தான் 1787இல் ஜெரமி பெந்தாம் அந்தக் கடிதங்களை எழுதினார்; 1791இல் அச்சாயின. வேலை வாங்குவதற்காகப் பிறந்த யோசனை பிறகு சிறைக்குப் போனது.

வேலை வாங்குவது என்றதும் கண்காணி நம் வரலாற்றில் கங்காணியாகிறான். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும், மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் பிடித்துப்போனவன். ஆங்கிலேயன் இந்த ஆளுக்குத் தன் வினைப்பட்டியலில் சொல் தேடிப் பார்த்துவிட்டுத் தமிழ்ச்சொல்லையே கங்கானி என்று எடுத்துக்கொண்டான். ஏன்? ஓவர்சியர் என்று சொன்னால் போதவில்லை. கங்காணி சொந்த ஊர்க்காரன். பல சமயம் சொந்தச் சாதிக்காரன், சொந்தக்காரன். முன்பணம் கொடுத்தவன் அவன். ஆட்களைக் கப்பலேற்றியவன், லயத்தில் குடிவைத்தவன், வேலைக்கு விரட்டியவன், வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று துரையிடம் காசு வாங்கியவன் எல்லாம் அவனே. தொழிலாளி தோட்டம் மாற வேண்டுமானால் கடன் தொகையைக் குறித்த துண்டுச்சீட்டு வேண்டும். இலங்கையில் அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யர் துரைமாரை எதிர்த்த அளவுக்குப் பெரிய கங்காணிகளையும் எதிர்க்க வேண்டியிருந்தது.

ஃபூக்கோவைத் தமிழில் பேசும்போது நாம் தாண்டிப் போய்விடுகிற இடம் இது. அவருடைய கண்ணுக்கு முகம் கிடையாது. கங்காணிக்கு முகம் உண்டு, மாமன் மச்சான் முறை உண்டு. கோபுரத்துக் கண் கைதியிடம் கடன் பத்திரம் வாங்கவில்லை. கங்காணியின் கண்ணுக்குப் பின்னால் கடன் இருந்தது. அவன் பார்க்காத நேரத்திலும் கட்டிவைத்தது அதுதான். அவனோடு கணக்கப்பிள்ளை இருந்தான், அவன் கையில் பேரேடு இருந்தது. (அந்தக் கணக்கப்பிள்ளையும் கானிகோபொலி என்று ஆங்கிலத்துக்குப் போனவன், 1886இல் வந்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதியில் இடம் பிடித்திருக்கிறான்.) கண்ணும் ஏடும், சூப்பர்வைஸும் கண்ட்ரோலும், மலையில் இரண்டு ஆட்களாக நடமாடியிருக்கின்றன. எனவே சர்வெய்லன்ஸைக் கண்காணிப்பு என்று எழுதுகிறபோது நாம் மொழிபெயர்ப்பு மட்டும் செய்யவில்லை. உறவும் சாதியும் கடனும் கலந்த ஓர் அதிகார வடிவத்தைக் கோட்பாட்டுக்குள் இழுத்து வருகிறோம். தெரிந்தே இழுத்து வந்தால் அது கோட்பாட்டுக்கு நாம் செய்கிற திருத்தம். தெரியாமல் வந்தால் குழப்பம்.

5

ஆட்சித்தமிழ் இந்தக் குழப்பத்தைச் சட்டபூர்வமாகவே செய்து வைத்திருக்கிறது. சூப்பரின்டெண்டென்ட் என்பதில் கண் கிடையாது. கவனத்தை மேலே செலுத்துகிறவன், அவ்வளவே. நாம் அவரைக் கண்காணிப்பாளர் ஆக்கி ஒரு கண்ணைப் பொருத்தினோம். கலெக்டர் என்ற சொல்லில் வரி வசூல் பச்சையாகத் தெரியும். ஆட்சியர் என்றதும் வசூல் மறைந்து ராஜாங்கம் வந்தது. இன்ஸ்பெக்டர் ஆய்வாளர் ஆனார். பிஎச்.டி. பண்ணுகிறவரும் ஆய்வாளர், லாக்கப் சாவியை வைத்திருப்பவரும் ஆய்வாளர்.

சனங்கள் இந்தச் சொற்களை நம்பி உட்காரவில்லை. அவர்களிடம் வேறு வினைகள் இருக்கின்றன. ‘பிள்ளையைக் கொஞ்சம் பாத்துக்க’ என்றால் பரிவு. ‘உன்னைப் பாத்துக்கிறேன்டா’ என்றால் மிரட்டல். வினை ஒன்றே, வேற்றுமை உருபும் ஒன்றே. ‘விருந்துல நல்லா கவனிச்சாங்க’ என்பதும் ‘ஸ்டேஷன்ல நல்லா கவனிச்சாங்க’ என்பதும் ஒன்றல்ல என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். சுர்வெய்யே என்ற பிரெஞ்சு வினையும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் கைதியைப் பார்த்துக்கொள்வதற்கும் பொதுவானது. ஷெரிடன் ஆங்கிலத்தில் தேடிக் கிடைக்காத அந்த இரட்டைத்தன்மை நம் ‘பாத்துக்க’வில் இருக்கிறது. நோட்டம் விடுவது, வேவு பார்ப்பது, காவல் காப்பது, மேய்ப்பது என்று ஒவ்வொன்றும் பார்க்கிறவன் நிற்கிற இடத்தையும் பார்க்கப்படுகிறவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. கோட்பாட்டுக் கட்டுரையில் இவற்றை நுழைய விடாமல் கலைச்சொல்லைக் காவலுக்கு நிறுத்தியவர்கள் நாம்தான்.

6

இதெல்லாம் எம்.ஏ. தமிழ் படித்தவனின் சொல்லாராய்ச்சி, களத்தில் இதற்கென்ன வேலை என்று தோழர்கள் கேட்பது கேட்கிறது. மூன்று இடங்களைக் காட்டுகிறேன்.

முதலாவது நீதிமன்றம். 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கரக் சிங் வழக்கில், உத்தரப் பிரதேசக் காவல் விதிகளின் 236ஆம் விதி விசாரிக்கப்பட்டது. சர்வெய்லன்ஸ் என்ற பெயர்ச்சொல்லை அந்த விதியே பிட்டுவைத்திருந்தது: வீட்டருகே ரகசியமாக ஆள் நிறுத்துவது, இரவில் வீட்டுக்குள் புகுந்து பார்ப்பது, அவ்வப்போது விசாரிப்பது, போக்குவரத்தைக் கான்ஸ்டபிள் தெரிவிப்பது, சீட்டு அனுப்பிச் சரிபார்ப்பது, எல்லாவற்றையும் வரலாற்றேட்டில் சேர்ப்பது. பெயர்ச்சொல்லாக இருந்தவரை அது நிர்வாகம். வினைகளாகப் பிரிந்ததும், இரவில் கதவைத் தட்டுவது மட்டும் தனியே துருத்திக்கொண்டு நின்றது. பெரும்பான்மை நீதிபதிகள் அதை ரத்து செய்து மற்றதை விட்டுவைத்தார்கள். விதி முழுவதுமே செல்லாது என்று சுப்பா ராவ் மாறுபட்டு எழுதினார். அந்தரங்கம் அடிப்படை உரிமையல்ல என்று அந்தத் தீர்ப்பு சொன்ன பகுதி 2017இல் புட்டசாமி வழக்கில்தான் நீக்கப்பட்டது.

இரண்டாவது, வேலைத்தளம். இன்ஸ்பெக்ட் என்ற வினை பெந்தாமிடம் கீழ்நோக்கிப் பாய்ந்தது. 1833ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தொழிற்சாலைச் சட்டத்துக்குப் பிறகு அதே வினை முதலாளியை நோக்கித் திரும்பியது. 1859 வரை தொழிற்சாலை இன்ஸ்பெக்டராக இருந்த லியோனார்ட் ஹார்னரை மார்க்ஸ் மனம்விட்டுப் புகழ்ந்ததற்குக் காரணம் அதுதான். நம் நாட்டில் 2019–20இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அந்த இன்ஸ்பெக்டர் ‘இன்ஸ்பெக்டர்–கம்–ஃபெசிலிட்டேட்டர்’ ஆனார். ஆய்வு செய்கிறவர் வசதியும் செய்து கொடுப்பார். அதே காலத்தில், 2021 மே மாதம் நூறு நாள் வேலைக்குக் கைபேசிச் செயலி ஒன்று வந்தது. அதன் பெயரிலேயே மானிட்டரிங் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து அது கட்டாயமானது. வெயிலில் மண் வெட்டுகிற பெண்கள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை இடக்குறியோடு புகைப்படத்துக்கு நிற்க வேண்டும் என்றானது. சிக்னல் இல்லாவிட்டால் கூலி சிக்கல். படம் எடுக்கிற பணித்தளப் பொறுப்பாளரும் அதே ஊர்க்காரர்தான், பெல்லின் சட்டாம்பிள்ளை. மேல்நோக்கிப் பார்க்கிற வினையை மழுக்கிக்கொண்டே, கீழ்நோக்கிப் பார்க்கிற வினையைத் தீட்டியிருக்கிறார்கள். இரண்டையும் ‘ஆய்வும் கண்காணிப்பும்’ என்று ஒரே மூச்சில் தமிழில் எழுதினால் இந்த ஓரவஞ்சனை கண்ணில் படாது.

மூன்றாவது, நம்முடைய கை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். விஜிலன்ஸ் என்பதும் சுர்வெய்யே என்பதும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை: விழித்திருத்தல். இங்கே விழித்திருக்க வேண்டியது ஒடுக்கப்பட்டவர் தரப்பு. பார்க்கப்பட வேண்டியவர்கள் வழக்குப் பதியாத காவலரும், நிவாரணத்தை இழுத்தடிக்கிற அதிகாரியும். ஆனால் குழு எப்போது கூடியது, யார் வந்தார்கள், எந்த வழக்கைக் கேட்டார்கள் என்று நாம் கேட்காதவரை அந்தக் கண்காணிப்பு வெறும் பெயர்ச்சொல்லாகவே கோப்பில் தூங்கும். கலெக்டர் தலைமையில் கூடி, டீ குடித்து, கையெழுத்துப் போட்டுக் கலைவதற்கும் அதே பெயர்தான்.

7

ஆக எந்தச் சொல்லைப் போடுவது? பட்டியல் போட்டுத் தருவது என் உத்தேசமல்ல. மொழிபெயர்க்கிறவரும் துண்டறிக்கை எழுதுகிறவரும் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். பார்ப்பவர் மேலே இருக்கிறாரா, பக்கத்தில் இருக்கிறாரா? பார்க்கப்படுபவருக்கு அது தெரியுமா? பார்த்தது எந்த ஏட்டில் ஏறுகிறது, அந்த ஏடு யாரிடம் இருக்கிறது? பார்த்ததற்குப் பிறகு கை யார் மேல் விழுகிறது? மேலிருந்து தெரிந்தே பார்த்தால் மேற்பார்வை போதும். மறைவாகப் பார்த்தால் வேவு என்றே எழுதலாம், அரசாங்கம் செய்தாலும் அது வேவுதான். ஏட்டால் கட்டினால் கணக்கு என்று சொல்லலாம். சொந்த ஆளின் கண்ணை வாடகைக்கு எடுத்தால் சட்டாம்பிள்ளைத்தனம் என்ற நல்ல சொல் இருக்கிறது. ஊர்ப்பாசமும் கடனும் சேர்ந்து கட்டினால் கங்காணித்தனம். கண்காணிப்பு என்ற சொல்லை, பார்வையே ஆட்சியாகிற இடத்துக்கு மட்டும் மிச்சப்படுத்தி வைக்கலாம்.

இப்படிப் பிரித்து எழுதினால் வாக்கியத்தில் எழுவாய் வந்தே தீரும். ‘கண்காணிக்கப்படுகிறது’ என்று செயப்பாட்டு வினையில் நழுவிப்போக முடியாது. யார் வேவு பார்த்தது, யார் ஏட்டில் எழுதியது என்று பெயரோடு எழுத வேண்டிவரும். அந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளருக்கும் துண்டறிக்கை எழுதுகிறவருக்கும் வேலை ஒன்றுதான்.